தலைமாட்டு வானொலியும் தனியுடைமைக் குற்றச்சாட்டும்

சென்ற மாதம் ஆசிரியர் சங்கக் கூட்டமொன்று முடிந்து எல்லோரும் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்த வேளையில், நண்பர் ஒருவர் பலர் செவியிலும் விழும்படி ஒரு வார்த்தை சொன்னார். "தொழிலாளியின் பசியைப் பற்றி எழுதுகிறவரின் தலைமாட்டிலே ஸ்டீரியோ பாடுகிறது, போய்ப் பாருங்கள்" என்றார். சபை சிரித்தது; நாமும் சிரித்தோம். நண்பர் நல்லவர், வேலைநிறுத்த நாட்களிலே முன் வரிசையில் நின்றவர். ஆகவே, அவருடைய கேலியைப் பொருட்படுத்தாது விட்டுவிடலாமென்றே முதலில் எண்ணினோம். ஆனால், கேலிக்குக் கால்கள் உண்டு. மறுவாரம் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், சமதர்மம் வந்தால் எல்லாருக்கும் அப்படியொரு பெட்டி கிடைக்குமா, இல்லாட்டில் உங்களிட்டை இருக்கிறதையும் வாங்கிவிடுவினமா?" என்று கேட்டான்.

நண்பரின் கேலியைவிட மாணவனின் கேள்வி பெறுமதி மிக்கது. கேலி நம்மைப் பற்றியது. கேள்வியோ சமுதாயத்தைப் பற்றியது. அன்று வகுப்பிலே மணி அடித்துவிட்டதனால் தப்பித்துக்கொண்டோம். இங்கே தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை.

முதலில் வழக்குப் பொருளைச் சபை முன்னிலையில் வைத்துவிடுவோம். வகுப்பு வரவு இடாப்புகள் நான்கைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவே இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டி. முகப்பிலே சிவப்பு இலக்கங்களில் நேரம் ஒளிரும். இரு பக்கமும் இரண்டு சிறிய ஒலிபெருக்கிகள். வானொலி உண்டு, குறித்த நேரத்தில் அதுவே பாடத் தொடங்கி நம்மை எழுப்பும். இறுவட்டு வைக்கும் வாயொன்றும் உண்டு. அது எப்போதோ செத்துப்போயிற்று. மத்திய கிழக்கிலே பத்து வருடம் சாரதியாக உழைத்துத் திரும்பிய அயலவர் ஒருவரிடமிருந்து நான்கு தவணைகளில் பணம் கொடுத்து வாங்கினோம். தண்ணீர்ச் செம்புக்கும் திருத்தி முடியாத விடைத்தாட் கட்டுக்கும் நடுவே அது வீற்றிருக்கிறது. நமது பிரபுத்துவத்தின் எல்லை இவ்வளவே.

இனி, குற்றச்சாட்டு. தலைமாட்டிலே இசை வைத்திருப்பது ஆடம்பரம் என்பது அதன் சாரம். இந்த ஆடம்பரம் யாருடையதாய் இருந்தது என்பதைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போமாயின், நண்பரின் வாதம் எந்தப் பக்கத்திலே போய் நிற்கிறது என்பது விளங்கும்.

தொல்காப்பியப் புறத்திணையியல், பாடாண் திணையிலே துயிலெடைநிலை என்றொரு துறையைச் சொல்கிறது. துயிலும் மன்னனைச் சூதர் அவன் புகழ் பாடி எழுப்புவது அத்துறை. முல்லைப்பாட்டின் பாசறையிலே, நாழிகைக் கணக்கர் நீர்க் கன்னலைப் பார்த்து, கழிந்த பொழுது இவ்வளவு என்று அரசனுக்கு அறிவிக்கின்றனர். ஒருவன் நேரம் சொல்ல, மற்றொருவன் இசையோடு எழுப்ப, இரண்டும் மன்னனின் கட்டிலருகே நடைபெற்றன. இன்று நமது கறுப்புப் பெட்டி செய்யும் வேலையும் இந்த இரண்டுதான். பிற்காலத்திலே இவ்வுரிமை ஆண்டவனுக்கும் நீட்டப்பட்டது, திருப்பள்ளியெழுச்சி பிறந்தது. கோயிலிலே தெய்வத்தை நாதஸ்வரம் எழுப்பிற்று. உழவனை யார் எழுப்பினார்? சேவல் எழுப்பிற்று, சேவலுக்கு முன்னர் அவன் மனைவி எழுந்துவிட்டாள். அவளை எழுப்பியது எது என்று எந்தப் புலவனும் பாடவில்லை.

மலையகத்துக்குப் போனால் கதை இன்னும் கடுமையாகிறது. அங்கும் விடியற்காலையில் ஓசை ஒன்று எழுந்தது. லயக் காம்பராக்களின் முன்னால் இருள் பிரியுமுன்னரே தப்பு அதிர்ந்தது. பிரட்டுக் களத்துக்கு வா என்பது அதன் ஒரே பொருள். பின்வந்த காலத்திலே கொம்பு வந்தது, மணி வந்தது, சங்கு வந்தது. எழுந்து வராதவனுக்கு அன்றைய பெயர் இல்லை. பெயர் இல்லையேல் கூலி இல்லை. ஒரே விடியலிலே ஒருவனைப் புகழ் பாடி எழுப்புவதும், மற்றொருவனைப் பறையறைந்து விரட்டுவதும் நடைபெற்ற சமுதாயத்திலே, தொழிலாளியோ ஆசிரியனோ தன் கட்டிலருகே தான் விரும்பிய பாடலோடு கண் விழிக்கிறான் என்றால், அஃது மன்னனிடமிருந்து பறித்தெடுத்த பொருளாகும். பறித்தெடுத்ததை நம் பக்கத்து நண்பரே திருப்பிக் கொடு என்பது வேடிக்கையே.

பறித்தெடுத்தவன் யார் என்று கேட்கலாம். விஞ்ஞானமும் உழைப்பும் என்பதே விடை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்வந்த ஆண்டுகளில் அமெரிக்க வீடுகளிலே மணிக்கூடும் வானொலியும் ஒரே பெட்டிக்குள் குடிபுகுந்தன. 1954இல் ரான்சிஸ்ரர் வானொலி கடைக்கு வந்ததும் பெட்டி சுருங்கிற்று. ஆனால் ஒரு சங்கடம் நெடுநாள் தீரவில்லை. சிறிய பெட்டியிலே பேச்சு தெளிவாகக் கேட்கும். இசையோ தகரத்திலே தட்டியது போலிருக்கும். மிருதங்கத்தின் தொப்பி ஒலிப்பதில்லை. வலந்தலை மட்டுமே கேட்கும். தாழ்ந்த சுரத்துக்குப் பெரிய காற்று அசைய வேண்டும். பெரிய காற்றை அசைக்கப் பெரிய பெட்டி வேண்டும். பெரிய பெட்டியை வைக்கப் பெரிய வீடு வேண்டும். ஆகவே நல்ல நாதம் வசதியுடையவனின் விறாந்தையிலேயே தங்கிவிட்டது.

இந்தப் பூட்டைத் திறந்தவர்களுள் ஒருவர் அமர் போஸ். அவருடைய தந்தை நொனி கோபால் போஸ், ஆங்கிலேய ஆட்சிக்கெதிராகப் போராடி, வங்கத்திலிருந்து தப்பியோடி 1920இல் அமெரிக்கா சேர்ந்தவர். மகன் 1929இல் பிலடெல்பியாவிலே பிறந்து, மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே நெடுங்காலம் பேராசிரியராயிருந்தார்; 1964இல் ஒலிக்கருவி செய்யும் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் 1993இல் கட்டிலருகு மேசையிலே வைக்கக்கூடிய வானொலி ஒன்றை வெளியிட்டது. அதன் சூட்சுமம் நமக்கு அந்நியமானதன்று. நாதஸ்வரக்காரனின் மூச்சு சிறியது, குழல் நீண்டது, நீண்ட குழலிலே அதிரும் காற்றுத்தான் ஊரைக் கூட்டுகிறது. அதுபோலவே, சிறிய ஒலிபெருக்கியின் பின்னால் நீண்ட குழாயொன்றை மடித்து மடித்துப் பெட்டிக்குள் அடக்கினார்கள். சிறு பெட்டி பெருநாதம் எழுப்பிற்று. விலையும் பெருவிலையாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்முடையது அந்த இனமன்று. அந்த வழியைப் பார்த்து, மலிவாகச் செய்யப்பட்ட பல்லாயிரத்துள் ஒன்று. மற்றொரு செய்தியையும் குறித்துவைப்போம்: 2011இல் போஸ் தமது நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளைத் தாம் கற்பித்த அக்கல்விக்கூடத்துக்கே கொடுத்துவிட்டார். ஆனால் அவை வாக்குரிமையற்ற பங்குகள். கல்விக்கூடம் அவற்றை விற்கவும் இயலாது. நிறுவனத்தின் போக்கிலே தலையிடவும் இயலாது. கொடை பெரிது, கடிவாளம் கொடுத்தவர் பக்கத்திலேயே. முதலாளித்துவத்தின் மிக உயர்ந்த கொடையும் இந்த வரம்பைத் தாண்டுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தெரியாது.

நண்பரின் கேலிக்குப் பின்னால் தத்துவம் ஒன்று ஒளிந்திருக்கிறது. நம் முற்போக்கு அணியிலே அது நெடுங்காலமாகவே புழங்கிவருகிறது. கிழிந்த பையும் காய்ந்த ரொட்டியும் புரட்சியின் அடையாளங்கள். இசையும் நல்ல மேசையும் வர்க்கத் துரோகத்தின் முதற்படி என்பது அத்தத்துவம். இது மார்க்சியம் அன்று. பட்டினத்தார் வழிவந்த துறவு சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டிருக்கிறது. மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளிலே, மனிதனின் புலன்கள் வரலாற்றின் விளைவுகள் என்கிறார். இசை கேட்கும் காதும் உழைப்பிலும் வாழ்விலும் உருவாகிறது. பட்டினியிலும் பதற்றத்திலும் கிடப்பவனுக்கு அந்தக் காது மறுக்கப்படுகிறது. மறுக்கப்படுவது பற்றியே அவர் கோபங்கொண்டார். கேட்பவனின் காதைப் பொத்துமாறு அவர் எங்கும் சொல்லவில்லை. 1848ஆம் ஆண்டு அறிக்கையும் பிறர் உழைப்பை ஆளும் சொத்தையே ஒழிக்கச் சொல்கிறது. ஒருவன் பல்துலக்கும் தூரிகையையும் தலைமாட்டு வானொலியையும் பொதுவாக்கச் சொல்லவில்லை. இந்த அரிச்சுவடியை மாணவனுக்குச் சொல்லலாம். சங்கத்திலே முப்பது வருடம் இருந்தவர்க்கும் சொல்ல நேர்வதுதான் வருத்தம்.

எட்டு மணித்தியாலம் வேலை, எட்டு மணித்தியாலம் ஓய்வு, எட்டு மணித்தியாலம் நம் விருப்பம் என்ற முழக்கத்துக்காகவே 1886இல் சிக்காகோத் தொழிலாளர் வீதியில் இறங்கினர். அந்த மூன்றாவது எட்டிலே மனிதன் என்ன செய்வான் என்று அவர்கள் எண்ணியிருப்பார்கள்? கூட்டத்துக்கு மட்டும் போவானென்றா? மார்க்சின் மருமகன் போல் லஃபார்க், 1880இல் சோம்பியிருக்கும் உரிமை பற்றியே ஒரு நூல் எழுதினார். நாளொன்றுக்கு மூன்று மணித்தியால வேலை போதும் என்றார். நமது தோழர்கள் மாமனாரை மேற்கோள் காட்டுவார்கள், மருமகனை வாசிப்பதில்லை.

இவ்வளவும் சொன்ன பின்னர், பெட்டியின் மற்றப் பாதியைப் பற்றியும் பேசாவிட்டால் நாம் வழக்கறிஞரேயன்றி எழுத்தாளரல்லர். பெட்டியிலே பாடுவது ஒரு பாதி. எழுப்புவது மறு பாதி. பாடும் பாதி நம்முடையது. எழுப்பும் பாதி யாருடையது?

முன்னர் மலையகப் பாடசாலை ஒன்றிலே நாம் கற்பித்த மாணவி ஒருத்தி இப்போது கட்டுநாயக்காவிலே தைக்கிறாள். 1978இல் திறக்கப்பட்ட அந்தச் சுதந்திர வர்த்தக வலயத்தைச் சுற்றிலும் வாடகை அறைகள் வரிசை வரிசையாக உள்ளன. ஓர் அறையிலே நான்கு பெண்கள். இருவருக்குப் பகல் வேலை. இருவருக்கு இரவு வேலை. ஆகவே எவருக்கும் தனி நேரம் கிடையாது. அவள் கைத்தொலைபேசியைத் தலையணையின் கீழே வைத்து, ஒலியை நிறுத்தி அதிர்வை மட்டும் விட்டுவிடுகிறாளாம். அப்போதுதான் வந்து படுத்தவள் விழித்துவிடக்கூடாது என்பதற்காக. விடுமுறைக்கு ஊருக்கு வந்தவளிடம், நாம் எழுதவிருக்கும் இக்கட்டுரையைப் பற்றிப் பெருமையோடு சொன்னோம். அவள் சிரித்துவிட்டு, "ரேடியோ எல்லாம் வேணாங்க சேர், இன்னும் அரை மணித்தியாலம் தூங்க விட்டாப் போதும்" என்றாள். அவளுடைய பாட்டியைத் தப்பு எழுப்பிற்று. அவளைத் தொலைபேசி தலையணையின் கீழிருந்து இடிக்கிறது. பிரட்டுக் களம் காதுக்குள்ளேயே வந்துவிட்டது. துயிலெடைநிலை பற்றி நாம் எழுதியிருந்த பக்கங்களை அன்றிரவு மறுபடியும் வாசித்தோம். பிழையில்லை, ஆனால் போதவில்லை.

1956இல் அமெரிக்காவிலே மணிக்கூட்டில் ஒரு புதிய பொத்தானைப் பொருத்தினார்கள். மணி அடித்ததும் அதைத் தட்டினால், சில நிமிடம் வாய் மூடியிருந்து மறுபடி அடிக்கும். ஸ்நூஸ் என்று பெயர். நம் பெட்டியிலும் அது இருக்கிறது. ஒன்பது நிமிடம் தருகிறது. நித்திரை போதாத உலகத்துக்கு முதலாளித்துவம் வழங்கிய நிவாரணம் ஒன்பது நிமிடம்! வேலை நேரத்தைக் குறைக்கத் தொழிற்சங்கம் வேண்டும். பொத்தானுக்கு விரல் போதும். ஆகவே பொத்தான் உலகெங்கும் பரவிற்று.

மணிக்கூட்டின் முகத்திலே ஒளிரும் நேரமும் நாம் நினைப்பதுபோல் வானத்திலிருந்து இறங்கியதன்று. சுவரிலுள்ள செருகியிலே மின்சாரம் வினாடிக்கு 50 தரம் துடிக்கிறது. நமது பெட்டியைப் போன்றவை அத்துடிப்பை எண்ணியே நேரம் காட்டுகின்றன. 2018இன் தொடக்கத்திலே, கொசோவோவுக்கும் செர்பியாவுக்கும் இடையிலான அரசியற் பிணக்கினால் ஒரு பக்கத்தின் மின்சாரக் கணக்கு ஈடுசெய்யப்படாது போயிற்று. ஐரோப்பாவின் 25 நாடுகளை இணைக்கும் மின்வலையிலே துடிப்பு மிகச் சிறிதளவு தளர்ந்தது. ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, பாரிசிலும் பெர்லினிலும் தலைமாட்டு மணிக்கூடுகள் ஏறக்குறைய ஆறு நிமிடம் பிந்திவிட்டன. எங்கோ இரு அரசுகள் சண்டையிட, எங்கோ ஒருவன் பேருந்தைத் தவறவிட்டான்.

நமக்கு இது புதுமையா? 1996இல் மழை பொய்த்து நீர்மின் குறைந்தபோது, அரசாங்கம் மே 25ஆந் திகதி நாட்டின் நேரத்தையே ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்ரோபர் 26ஆந் திகதி அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15ஆந் திகதிதான் திரும்பிற்று. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலே இந்த மாற்றம் ஏற்கப்படவில்லை. ஒரே தீவு, இரண்டு நேரம். "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்டே கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் புறப்பட்ட காலத்திலே நாம் சிறுவர்கள், இருட்டிலே எழுந்து இருட்டிலே பாடசாலைக்கு நடந்தவர்கள். பின்னர் 2022 வந்தது. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தைத் தொட்டது. ஒவ்வொரு தரமும் மின்சாரம் திரும்பியபோது நம் பெட்டி பன்னிரண்டு மணி என்று காட்டிக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்நியச் செலாவணியை விழுங்கியவர்களின் வீடுகளிலே மின்பிறப்பாக்கி உறுமிற்று. அங்கே மணிக்கூடு கண் சிமிட்டவில்லை. உடைமை பற்றிப் பேச விரும்புகிறவர்கள் அந்த மதிலுக்கு அப்பால் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம்.

யாழ்ப்பாணத்து மூத்தவர்கள் இதற்கு முந்திய கதை ஒன்றை வைத்திருக்கிறார்கள். 1990இன் பின்னர் குடாநாட்டிலே மின்சாரம் இல்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். வானொலியோ இருந்தது, அதற்கு உயிரில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து வானொலியோடு பொருத்தினார்கள். ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, முற்றத்திலே சுற்றி இருந்தவர்கள் லண்டனிலிருந்து தமிழோசையையும் மணிலாவிலிருந்து வெரித்தாசையும் கேட்டார்கள். சுற்றுபவரின் கை தளர்ந்தால் செய்தியும் தளரும். உடனே மற்றொருவர் கை கொடுப்பார். வானொலி யாருடையது என்று கேட்டால் ஒருவரின் பெயரைச் சொல்வார்கள். செய்தி யாருடையது என்று கேட்பதற்கு அங்கே இடமிருக்கவில்லை. நமது தலைமாட்டுப் பெட்டியிலே இல்லாத ஒன்று அந்த முற்றத்திலே இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அது வறுமையின் சிறப்பன்று. தடையை ஆக்கியவனுக்கு அந்த முற்றத்துக்காக நாம் நன்றி சொல்லப்போவதில்லை.

கேட்கும் கூட்டம் எப்படிக் கலைந்தது? பெட்டி சிறுத்ததனால் கலைந்தது என்பர் சிலர். வாசிகசாலையிலே ஒரு வானொலி இருந்த காலத்தில் ஊர் கூடிற்று. வீட்டுக்கொன்று வந்ததும் குடும்பம் கூடிற்று. கட்டிலுக்கொன்று வந்ததும் தனித்தனியானோம் என்பது அவர்கள் கணக்கு. கணக்கிலே பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை வானலையிலே தேட வேண்டும்.

கொழும்பிலே 1925 டிசம்பர் 16ஆந் திகதி ஒலிபரப்புத் தொடங்கிற்று. ஆசியாவிலேயே முந்திய நிலையங்களுள் அஃது ஒன்று. ரேடியோ சிலோன் என்ற பெயரோடு 1950இல் வர்த்தக சேவை பிறந்தது. பாக்கு நீரிணைக்கு அப்பாலும் தமிழர் செவி இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் தமிழ்நாட்டுத் தெருக்களிலும் கேட்டது. சானா என்று நாம் அழைத்த சண்முகநாதன் 'இலண்டன் கந்தையா'வைக் காற்றிலே நடமாடவிட்டார். யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழ் நாடகத் தமிழாயிற்று. இதே காலத்திலேதான் நம் எழுத்தாளர் மண்வாசனைக்காக ஏடுகளிலே போராடிக்கொண்டிருந்தனர். அவர்கள் ஏட்டிலே வாதாடிய பொருளை வானொலி எவ்வித வாதமுமின்றி வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1967 ஜனவரி 5ஆந் திகதி அது கூட்டுத்தாபனமாயிற்று. 1990களிலே தனியார் அலைவரிசைகள் வந்தன. இன்று காலை ஆறு மணிக்கு நம் பெட்டி கண் விழித்ததும் என்ன சொல்கிறது? தங்க நகைக்கடை விளம்பரம், கடன் கொடுக்கும் கொம்பனியின் விளம்பரம், பிறந்தநாள் வாழ்த்து, இராசிபலன், அதற்கிடையே வெட்டித் துண்டாக்கப்பட்ட பாட்டு. நெல் விலை என்ன? தோட்டத்துச் சம்பளப் பேச்சுவார்த்தை எந்த மட்டில் நிற்கிறது? கடற்றொழிலாளன் இன்று கடலுக்குப் போகலாமா? இவற்றை அறிய அவன் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? லண்டன் தமிழோசையோ 1941 முதல் 2017 வரை ஒலித்து, வானொலியிலிருந்து விடைபெற்று இணையத்துக்குப் போய்விட்டது.

வேறு வழி இல்லாமலில்லை. கொத்மலையிலே நீர்த்தேக்கம் கட்டப்பட்டு, ஊர்கள் நீரில் மூழ்கி, மக்கள் இடம்பெயர்ந்த பிரதேசத்திலே 1989இல் சமுதாய வானொலி ஒன்று தொடங்கப்பட்டது. கூட்டுத்தாபனத்தின் கீழ் இயங்கியதேயாயினும், ஒலிவாங்கி ஊருக்குள் சென்றது. ஊரவர் தம் வாயாலே பேசினர். 1990களின் இறுதியிலே அங்கு மற்றொரு புதுமை செய்தார்கள். இணையம் என்ற சொல்லே கிராமத்துக்கு எட்டாத நாளிலே, நேயர்கள் கேள்வி எழுதி அனுப்ப, அறிவிப்பாளர் ஒலிபரப்பின்போதே இணையத்தில் தேடி, கண்டதை ஊர் மொழியிலே சொன்னார். ஒரு கணினி ஒரு பிரதேசத்துக்கே கண்ணாயிற்று. தமிழ் ஆசிரியர் சங்கங்களும் முற்போக்கு இலக்கிய அமைப்புகளும் இப்படியொன்றைத் தமக்கும் வேண்டுமென்று எத்தனை தீர்மானம் நிறைவேற்றின? நாம் இருந்த கூட்டங்களிலே ஒன்றுமில்லை. ஆனால், யாருடைய மேசையிலே என்ன இருக்கிறது என்ற கணக்கு மட்டும் தவறாமல் எடுக்கப்படுகிறது. வானலையைக் கையளித்துவிட்டுக் கட்டிற்காலைக் காவல் காக்கும் முற்போக்கு இது. முதலாளிக்கு இதைவிட வசதியான எதிரி கிடைக்கமாட்டான்.

நம்மீது உண்மையாகவே சுமத்தத்தக்க குற்றம் ஒன்று உண்டு. நண்பர் அதைக் கண்டுகொள்ளவில்லை, நாமே சொல்லிவிடுகிறோம். பெட்டியின் இறுவட்டு வாய் செத்தபோது, நகரத்திலே எஞ்சியிருந்த றேடியோ திருத்துபவரிடம் கொண்டுபோனோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய வால்வு வானொலியையும் ரான்சிஸ்ரரையும் ஒட்டுவெடியும் ஈயமும் கொண்டே உயிர்ப்பித்த கை. "மாஸ்ரர், இது திறக்கிறதுக்குச் செய்த சாமான் இல்லை, எறியிறதுக்குச் செய்த சாமான்" என்று திருப்பித் தந்துவிட்டார். அவருடைய மகன் அத்தொழிலுக்கு வரவில்லை. பொருளை வாங்கினோம், அதைத் திருத்தும் அறிவு நம்மூரிலே செத்துப்போவதைப் பார்த்துக்கொண்டு பேசாதிருந்தோம். உடைமை என்ற பெயரிலே நம் கையில் இருப்பது பாதி உடைமைதான். திறக்க முடியாத பெட்டியை வாங்கியவன் அதன் சொந்தக்காரனா, காவற்காரனா?

மாணவனுக்கு உரிய விடை இனித்தான். தம்பி, உன் கேள்வியின் முதற்பாதிக்கு ஆம் என்பதே விடை. எல்லோருக்கும் அப்படியொரு பெட்டி கிடைக்கத்தான் வேண்டும். லயக் காம்பராவிலும், கட்டுநாயக்கா அறையிலும், மீனவன் குடிசையிலும். ஆனால், கட்டுநாயக்கா அறையிலே அது பாட வேண்டுமாயின், ஒருத்தி படுக்கும் நேரத்திலே மற்றொருத்தி எழும்பாதிருக்க வேண்டும்; அதற்கு அறை வேண்டும், சம்பளம் வேண்டும், இரவிலே உறங்கும் உரிமை வேண்டும். பெட்டி வருவது எல்லாவற்றுக்கும் கடைசியிலேதான். இரண்டாம் பாதிக்கு விடை: நம்முடையதை எவரும் பறிக்க வரவேண்டியதில்லை. வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அதை வாசிகசாலை மேசைக்குக் கொண்டுவருகிறோம். பழைய வானொலி நாடக ஒலிப்பதிவு ஒன்றைத் தொலைபேசியிலிருந்து அதனோடு இணைத்துக் கேட்கலாம். கேட்ட பின்னர், நமது பிரதேசத்துக்கு ஒரு சமுதாய வானொலி கோரும் மனுவின் முதல் வரைவை இருந்து எழுதலாம். திருத்துபவர் தம் ஆயுதங்களோடு வரச் சம்மதித்திருக்கிறார். இரண்டு மாணவர்களுக்கு ஈயம் பிடிக்கக் கற்றுக்கொடுப்பாராம். கேலி செய்த நண்பருக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறோம். வாசிகசாலைச் செருகி பழுது. வரும்போது அவர் வீட்டிலிருந்து நீட்டு வயர் ஒன்று கொண்டுவந்தால் உதவியாயிருக்கும்.